கழற்றிப் போட்ட பட்டன்

சொன்னதை மட்டும் செய்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது.

கையில் வைத்து ஆடும் பழைய வீடியோ கேம்களுக்குப் புதுத் திரையும் பேட்டரியும் மாட்டித் தருவது என் தொழில். ராயப்பேட்டையில் சின்னக் கடை. வேலையில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் ஒரு அம்மா ஒன்றைக் கொண்டுவந்தார். "எம் புள்ளையோடது நைனா. லைட்டு எரிஞ்சா போதும்" என்றார்.

பையன் அசந்துபோகட்டும் என்று, பழுப்பேறிய வெளிக்கூட்டையும் தேய்ந்த பட்டன்களையும்கூட நானாகவே மாற்றிவிட்டேன். பழையதெல்லாம் குப்பைக்குப் போனது.

திரும்ப வாங்க வந்த அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரலால் பட்டனைத் தடவினார். மறுபடியும் தடவினார்.

"அவன் வெரலு பட்டுக் குழி வுழுந்து கெடக்குமே, அந்தப் பட்டன் இன்னா ஆச்சு?"

"பையன் எங்கேம்மா?"

"கடலுக்குப் போனவன், வர்ல."

தெருவுக்கு ஓடினேன். குப்பை வண்டி காலையிலேயே போய்விட்டிருந்தது.

அவர் திட்டவில்லை. "பரவால்ல நைனா, நல்லாத்தான் பண்ணிக்கீற" என்றார். திட்டியிருக்கலாம்.

இப்போதெல்லாம் கழற்றும் ஒவ்வொரு பட்டனையும் பெயர் எழுதி டப்பாவில் போட்டு வைக்கிறேன். இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை.