தெரியாமல் என்று சொன்னேன்

என் அம்மா சொன்ன உண்மையை மருத்துவரிடம் பொய்யாக மொழிபெயர்த்தேன். ஆம், வேண்டுமென்றேதான்.

தொண்ணூறுகளின் கடைசி. தங்கை செல்விக்கு அப்போது பதினேழு வயது. கல்கத்தாவில், காளிகாட்டில் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆஸ்பத்திரியில் பேச என்னை விட்டால் யார்?

செல்வி நினைவின்றிக் கிடந்தாள். என்ன நடந்தது என்று மருத்துவர் வங்காளத்தில் கேட்டார். தமிழ் மட்டுமே அறிந்த அம்மாவுக்கு அதைச் சொன்னேன்.

"சாகணும்னுதான்யா செஞ்சிருக்கா. மறைக்காம சொல்லு."

நான் மருத்துவரிடம் திரும்பி, "நா ஜேனே" என்றேன். தெரியாமல் செய்துவிட்டாள்...

தற்கொலை முயற்சி அப்போது சட்டப்படி குற்றம். போலீஸ் வரும், சந்து முழுக்கப் பேசும், கல்யாணம் நடக்காது... இத்தனையும் என் படித்த மூளையில் ஒரு நொடியில் ஓடின! நான் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அம்மா தலையாட்டினாளே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

விபத்து என்று பதிந்தார்கள். உடம்பு தேறியது. அவளருகே உட்கார்ந்து பேச ஒருவரும் வரவில்லை. விபத்துக்கு யார் வருவார்கள்?

பல ஆண்டுகள் கழித்து அவளிடம் இதைச் சொன்னேன். அடுத்த மாதம், பவானிபூரில் ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு என்னை இழுத்துப்போனாள். தற்கொலையைத் தடுக்க அரசு நிதி ஒதுக்க வேண்டும், அரசு மருத்துவமனைகளில் மனநல ஆலோசகர்களை வைக்க வேண்டும் என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் மசோதா தயாரித்து, மக்களின் கருத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓர் அதிகாரி எழுந்தார். இந்த வட்டாரத்துப் பதிவேடுகளில் தற்கொலைக்கு முயன்றவர்களே அபூர்வம், நிதி எதற்கு என்றார்.

பதிவேட்டில் இல்லாதவள் என் பக்கத்து நாற்காலியில்! அவளைப் பார்த்தேன்.

"சொல்லுண்ணே."

எழுந்து நின்று, என் பொய்யை வங்காளத்திலேயே சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள், தன் மகனையும் வழுக்கி விழுந்ததாகத்தான் சொல்லிச் சேர்த்தோம் என்றார். பிறகு இன்னொருவர்... விபத்து என்று பதியப்பட்டவர்களுக்கும் ஆலோசகர் உண்டு என்ற வரியை உறுப்பினர் அங்கேயே மசோதாவில் சேர்க்கச் சொன்னார்.

மசோதா இன்னும் சட்டமாகவில்லை. ஆகும் என்று நம்புகிறேன். அந்த மண்டபத்தைப் பார்த்த எவரும் நம்புவார்கள்.

வெளியே வந்தபோது நெஞ்சு லேசானதுபோல் இருந்தது. எவ்வளவு அற்பமான நிம்மதி!

"ஊருக்கெல்லாம் சொல்லிட்ட. நான் ஏன் செஞ்சேன்னு ஒரு தடவயாவது கேட்டியாண்ணே?"

கேட்டதில்லை... ஒரு தடவைகூட.

டிராம் நிறுத்தத்தில் நின்று கேட்டேன். எங்கள் வண்டி வந்தது, போயிற்று. அவள் நிறுத்தாமல் பேசினாள். சொன்ன காரணங்களில் நானும் இருந்தேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.