ஹூஸ் கிடைத்த பஸ் பயணம்

பகல் ஒரு மணிக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் கரூர் பஸ் ஏறினேன். சூரமங்கலத்து அம்மா வீட்டிலிருந்து பரமத்தி வேலூரில் மாமியார் வீட்டுக்குப் பயணம். மடியில் மகன் கவின், காதில் ஸ்காட்லாந்துப் பேச்சுப் பாடம். நான்கு மணிக்கு அபர்டீனிலிருந்து ஒரு வீட்டுக்காரம்மா போனில் பேசுவார். அவர் சம்மதித்தால்தான் அங்கே வேலை பார்க்கும் என் கணவருக்கு வாடகை வீடு. வீடு கிடைத்தால்தான் நானும் கவினும் போக முடியும்.

போன வாரமே பேசினார். "உங்கள் பேர்ன் கிரீட் பண்ணுமா?" என்றார். பேர்ன் என்றால் குழந்தை, அது தெரியும். கிரீட் என்றால் வணக்கம் சொல்வதுதானே? "யாரைப் பார்த்தாலும் பண்ணுவான்! இரவு பகல் கிடையாது" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த ஊரில் கிரீட் என்றால் அழுவதாம், பிறகுதான் தெரிந்தது. மேல்மாடியில் வயதானவர்கள் இருக்கிறார்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

ஆங்கிலத்தை நம்பியதுதான் வினை. இந்தச் சொற்களின் பங்காளிகள் ஸ்காட்லாந்துக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். நார்வேயில் குழந்தை 'பார்ன்'. ஸ்வீடனில் அழுவது 'க்ரோட்டா'. குடிமாறுவது ஸ்காட்லாந்தில் 'ஃபிளிட்', நார்வேயில் 'ஃப்ளுட்டே'. வீடு 'ஹூஸ்'; டென்மார்க்கிலும் ஏறக்குறைய அதேதான். மல்லூர் தாண்டியதும் வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன்.

பக்கத்து இருக்கை அம்மா திரும்பினார். "ஏனுங்க, ஹூஸ் ஹூஸ்னு கோழியவா முடுக்கறீங்க?"

"வாடகைக்கு வீடு கேட்டிருக்கோங்க, ஸ்காட்லாந்துல. அங்க வீட்டை அப்படித்தான் சொல்றாங்க."

"நாங்க ஊடுங்கறோம். அவியளும் நம்மளாட்டந்தானாட்ட இருக்குது!"

எனக்குச் சுருக்கென்றது. 'ஊடு' என்று சொல்லும் கணவரை, பிள்ளைக்குப் பழகிவிடும் என்று எத்தனை முறை திருத்தியிருக்கிறேன்!

இரண்டரை மணிக்கு நாமக்கல். மலைக்கோட்டை ஜன்னலில் தெரிந்தபோது போன் அடித்தது. வீட்டுக்காரம்மாவேதான், ஒன்றரை மணி நேரம் முன்னதாக. எடுப்பதா, பிறகு கூப்பிடுவதா? எடுத்துவிட்டேன். அந்த நொடியில் முட்டை லாரி ஒன்று ஏர்ஹார்ன் அடிக்க, கவின் வீறிட்டான்.

"பேர்ன் கிரீட் பண்ணுகிறதோ?"

மறைக்க வழியில்லை. "ஆமாம். ஹார்ன் சத்தத்துக்கு கிரீட் பண்ணுகிறான். பசித்தாலும் பண்ணுவான். இரவில் தூங்கிவிடுவான். போன வாரம் நான் அதை வணக்கம் என்று நினைத்துவிட்டேன்!"

அவர் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. சிரித்து முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எப்போது ஃபிளிட் பண்ணுகிறீர்கள்?"

போன வாரம் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். இப்போது புரிந்தது. வீடு எங்களுக்கு!

"அழுவாத சாமி, ஒங்கம்மா சிரிக்கறாங்க பாரு" என்று அந்த அம்மா கவினை வாங்கிக்கொண்டார்.

பரமத்தி வேலூரில் கவினை வாங்கிக்கொண்டு இறங்கினேன். காவிரிப் பக்கமிருந்து காற்று வந்தது. பஸ் நகரும்போது அந்த அம்மா ஜன்னலில் தலை நீட்டினார்.

"ஏனுங்க, கடைசில ஹூஸ் கெடச்சுதுங்களா?"

கணவரின் சொல்லை வாழ்க்கையில் முதல் முறையாகக் கத்திச் சொன்னேன்: "ஊடு கெடச்சிருச்சுங்க!"