கிண்ணியாவிலிருந்து வந்த கடைசி அத்தியாயம்

அந்தப் படத்தைப் பார்த்தபோது நான் நாவலில் பாதிதான் வாசித்திருந்தேன். மீதிப் பாதி கிண்ணியாவில், என் சிநேகிதியின் வீட்டில் இருந்தது.

அது இந்தியாவிலிருந்து வரும் ஒரு வார இதழில் தொடராக வந்த கதை. அப்பா கச்சேரியில், அதாவது அரசாங்கக் காரியாலயத்தில், கிளாக்கர். வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் கழற்றிச் சேர்த்து, இரண்டு பாகமாகக் கட்டுவித்து அலுமாரியில் வைத்திருந்தார். உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண். அவளுடைய தம்பியைக் கடலரசன் கொண்டுபோய்விடுகிறான். அவனை மீட்க அவள் கடலுக்கடியில் இருக்கும் நகரத்துக்குப் போகிறாள். நகரத்துக்கு ஏழு வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் காவற்காரன் அவளுடைய நினைவுகளில் ஒன்றைக் கேட்பான். கொடுத்தால்தான் கதவு திறக்கும். எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுந்தெருவில், எழுத்துக் கூட்டத் தெரிந்த எல்லோரும் அதை வாசித்திருந்தார்கள். சிலர் இரண்டு மூன்று தரம்.

என் சிநேகிதி கிண்ணியாவிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஏ.எல். உயர்தர வகுப்புப் படிக்க வந்தவள். திங்கட்கிழமை காலையில் பாதையில் ஏறிக் கடற்கழியைக் கடந்து, பஸ் பிடித்து வருவாள். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் தட்டைப் படகை. வெள்ளிவரை நகரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்குவாள். முதல் பாகத்தை நாங்கள் இருவரும் ஒரே வாங்குப் பலகையில் இருந்து, ஒரு பக்கத்தை ஒருவர் முடிக்க மற்றவர் காத்திருந்து வாசித்தோம். நான் மெதுவாக வாசிப்பேன். அவள் பக்கத்தின் அடியில் விரலை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருப்பாள். ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை.

இரண்டாம் பாகத்தை ஒரு வெள்ளிக்கிழமை அவள்தான் கொண்டுபோனாள்.

"சனி ஞாயிறில நான் முடிச்சிருவன். திங்கள் உன்னட்டத் தாறன். கதையை மட்டும் கேக்காத, சொல்ல மாட்டன்" என்றாள்.

அந்தத் திங்கட்கிழமை வரவில்லை. சனிக்கிழமை இரவு நகரத்தில் கலவரம் மூண்டு கடைகள் எரிந்தன. பள்ளிக்கூடம் பூட்டப்பட்டது. திறந்தபோது வகுப்பில் பாதிப் பேர் இல்லை. கிண்ணியாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவரையும் வீட்டார் அனுப்பவில்லை. எங்கள் ஒழுங்கை உட்துறைமுகக் கரையில் போய் முடியும். அங்கே நின்றால் தண்ணீருக்கு அப்பால் மரங்கள் ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். அதற்குப் பின்னால்தான் தங்கள் ஊர் என்று அவள் ஒருநாள் காட்டியிருந்தாள். தினமும் பின்னேரம் நான் போய் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு அந்த நாவலைப் படமாக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். கொஞ்ச மாதத்தில் கொழும்பிலிருந்து வீடியோ கசற் வந்தது. எங்கள் ஒழுங்கையில், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் தொலைக்காட்சியும் டெக்கும் இருந்தன. ஆறு மணிக்கு ஊரடங்கு. ஆகவே மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெனரேற்றரைப் போட்டார்கள். கதிரைகள் போதாமல் நாங்கள் நிலத்தில் பாயை விரித்து இருந்தோம்.

போவதா விடுவதா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். மீதிப் பாதியை வாசிக்காமல் படத்தில் பார்ப்பது அவளுக்குச் செய்யும் துரோகம் போல இருந்தது. ஆனாலும் போனேன். அன்று கடலுக்குப் போகத் தடை. வேறு எங்கும் போகவும் வழியில்லை. ஒழுங்கை முழுக்க அங்கேதான் இருந்தது.

படம் முடிந்து ஜெனரேற்றரை நிறுத்திய அந்த அமைதியில் முதலில் பேசியவர் அப்பா.

"உப்பளத்தில வெயிலுக்க நிண்டவள் எப்படி இவ்வளவு வெள்ளையா இருப்பாள்? கதையில அவள் கறுப்பி. கையெல்லாம் வெடிப்பு எண்டு எழுதியிருக்குது."

"ஏழு வாசலை மூண்டாக்கிப் போட்டாங்கள்" என்றார் எங்கள் தமிழ் வாத்தியார். "மிச்ச நாலுக்கும் பாட்டு."

"பாட்டு நல்லம்தானே சேர்" என்றார் வீட்டுக்காரர். கசற் எடுப்பித்தவர் அவர். படத்தைக் குறை சொன்னால் தன்னைக் குறை சொன்ன மாதிரி அவருக்கு.

கரையில் வலை வைத்திருந்த ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். "எனக்குக் கதை தெரியாது. நான் வாசிக்கேல்ல. ஆனா கடலுக்கடியில அப்படி வெளிச்சம் இராது. ஆமை எண்டு வந்தது ஒரு ஆள், முதுகில கூடையைக் கவிட்டிருக்கிறான். நாலு காலையும் ஒரே நேரத்தில தூக்கி வைக்கிறான். ஆமை அப்படி நடக்குமே?"

எல்லோரும் சிரித்தோம். பிறகு முடிவைப் பற்றிப் பேச்சு வந்தது. படத்தில் அவள் கடலரசனோடு வாள் பிடித்துச் சண்டையிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு கரைக்கு வருகிறாள். அலை ஒதுங்க, இருவரும் கைகோத்தபடி நடந்து வருகிறார்கள்.

"பிழை" என்றார் அப்பா. "கதையில அவள் தனியத்தான் திரும்பி வாறாள்."

"இல்லை. ரெண்டு பேரும் வருவினம். ஆனா அவளுக்குத் தம்பியை அடையாளம் தெரியாது. எல்லா நினைவையும் குடுத்திட்டாள்தானே" என்றார் வாத்தியார்.

இருவரும் விடவில்லை. அப்போது மூலையில் இருந்த முன்வீட்டு மாமி, "அந்த இடத்தை ஒருக்காத் திருப்பிப் போட ஏலுமா?" என்று கேட்டார்.

மாமியின் மூத்த மகனை முந்திய வருடம் ஒரு சுற்றிவளைப்பில் படையினர் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் ஏறாத முகாம் இல்லை. வீட்டுக்காரர் எழுந்துபோய் ஜெனரேற்றரைத் திரும்பவும் இழுத்தார். அலை ஒதுங்கியது. தம்பி நடந்து வந்தான். மாமி பார்த்து முடித்துவிட்டு என்னைக் கேட்டார்.

"புத்தகத்திலயும் வாறானா, பிள்ளை?"

"தெரியாது மாமி. ரெண்டாம் பாகம் கிண்ணியாவில இருக்குது. நான் எழுதிக் கேக்கிறன்."

சிநேகிதியின் வாப்பா கிண்ணியாவில் நெல் ஆலை வைத்திருந்தார். தெரு திறந்திருக்கும் நாட்களில் அவருடைய லொறி அரிசி ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வரும். சாரதியிடம் கடிதம் கொடுத்தேன். நாலு பக்கம். ஒவ்வொருவரும் சொன்னதை அப்படியே எழுதினேன், ஆமையையும் சேர்த்து. உன்னை விட்டுவிட்டுப் பார்த்துவிட்டேன், கோவிக்காதே என்றும் எழுதினேன். மாமி கேட்டதை எழுதி, கடைசி அத்தியாயம் வந்தால் அவருக்கு வாசித்துக் காட்டுவேன் என்றேன்.

மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது.

"நான் கோவிக்கேல்ல. எங்கட ஊருக்குக் கசற் இன்னும் வரேல்ல. புத்தகத்தை அனுப்பினா நீ திரும்ப எழுத மாட்டாய். அதனால கடைசி அத்தியாயத்தைப் பாத்தெழுதிக் கொஞ்சம் கொஞ்சமா அனுப்பிறன். ஒவ்வொரு முறையும் ஒழுங்கையில ஆர் என்ன சொன்ன எண்டு எனக்கு எழுத வேணும்."

கூடவே அப்பியாசக் கொப்பியில் இருந்து கிழித்த இரண்டு தாள்கள், அவளுடைய சரிந்த எழுத்தில். உப்பளப் பெண் ஏழாம் வாசலுக்கு வந்து சேர்கிறாள். காவற்காரன் களைத்துப்போனவன். ஏன் இந்தக் கதவைக் காக்கிறேன் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. அவளிடம் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று, தம்பியின் பெயர். அதைத் தா என்று கேட்கிறான். அவள், யோசிக்கக் கொஞ்ச நேரம் கொடு என்கிறாள்.

முன்வீட்டுக் குசினியில் மாமி மீன் வெட்டிக்கொண்டிருக்க நான் வாசித்தேன். அப்பாவும் வந்து நின்று கேட்டார். "ஓம், இதுதான். எனக்கு இப்ப ஞாபகம் வருது" என்றார். படத்தில் இந்தக் காவற்காரனையே வெட்டிவிட்டார்கள் என்று வாத்தியாருக்குக் கோபம். இவ்வளவு நல்ல இடத்தை விட்டுவிட்டு வாளைக் கொடுத்து ஆட விட்டிருக்கிறார்களே என்று ஒழுங்கை முழுக்கப் படத்தைத் திட்டியது. எல்லாவற்றையும் அவளுக்கு எழுதினேன்.

அடுத்த கடிதத்தில் உப்பளப் பெண் படியில் உட்கார்ந்திருக்கிறாள். களைப்பாக இருக்கிறதென்று காவற்காரனும் பக்கத்தில் இருக்கிறான். அதற்கடுத்ததில் அவன் அவளிடம் மேலே இப்போது என்ன காலம் என்று கேட்கிறான். அவள் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றைப் பற்றிச் சொல்கிறாள். உப்பு விளையும் நாட்களைப் பற்றிச் சொல்கிறாள். ஒரு வருடத்துக்கு மேலாக அந்தக் கடிதங்கள் வந்தன. சில நேரம் மாதத்துக்கு ஒன்று. சில நேரம் தெரு பூட்டி, மூன்று மாதம் ஒன்றும் இராது. நான் பாடங்களை மறந்தேன், ஆனால் அந்த லொறியின் ஹோர்ன் சத்தம் எத்தனை லொறிக்குள்ளும் எனக்குத் தெரியும்.

"இன்னும் எழும்பேல்லையா அந்தப் பிள்ளை?" என்று மாமி கேட்பார்.

"இல்லை மாமி."

"இருக்கட்டும். இருந்து கதைக்கட்டும்."

பிறகு ஒரு ஆனி மாதம் சண்டை மறுபடி தொடங்கியது. நாங்கள் முதலில் நிலாவெளிக்கு ஓடினோம். அங்கிருந்து ஆவணியில் வள்ளத்தில் இந்தியாவுக்கு. மாமி வரவில்லை. "அவன் வந்தா வீட்டில ஆர் நிக்கிறது?" என்று மட்டும் கேட்டார். கடிதங்களை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன். வள்ளம் அலையில் அடித்த அடியில் பாதி நனைந்து மை கரைந்துவிட்டது.

எங்கள் அகதி முகாம் இருந்த ஊரில் ஒரு நூலகம் இருந்தது. வெளியே போக அனுமதி கிடைத்த முதல் மாதத்திலேயே அங்கே போனேன். அந்த நாவல் அங்கே கெட்டி அட்டைப் புத்தகமாக இருந்தது. இரண்டாம் பாகத்தை எடுத்து, நின்றபடியே கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன்.

அது ஒன்றரைப் பக்கம்தான். ஏழாம் வாசலில் காவற்காரனே இல்லை. கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே நகரத்தில் ஒருவரும் இல்லை. அவள் தனியே திரும்பிக் கரைக்கு வந்து, மறுநாள் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறாள். அவ்வளவுதான்.

நான் முன்னும் பின்னும் புரட்டினேன். களைத்த காவற்காரனைத் தேடினேன். படியைத் தேடினேன். கச்சான் காற்று என்று எங்காவது இருக்கிறதா என்று பார்த்தேன். அவள் ஒன்றையும் பார்த்தெழுதவில்லை. எல்லாம் அவளே எழுதியது. அப்பா ஞாபகம் வருகிறது என்று சொன்னதும், வாத்தியார் கோபப்பட்டதும் என் சிநேகிதி எழுதிய பக்கங்களுக்காக. நூலகத்தில் நின்றபடி எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அவளைப் பார்க்கவேண்டும் என்று அன்றைக்குப் போல ஒருநாளும் எனக்கு இருந்ததில்லை. முகாம் விலாசத்தை எழுதி இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. போய்ச் சேர்ந்திருக்காது.

சமாதான காலம் என்று சொல்லப்பட்ட அந்தக் கொஞ்ச வருடங்களில்தான் நான் ஊருக்குத் திரும்பினேன். முன்வீடு பூட்டிக் கிடந்தது. மாமி கடைசியில் ஏலாமல் மகளோடு மட்டக்களப்புக்குப் போய், அங்கே இறந்துவிட்டார். மகனைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. அதை விசாரித்து அறிந்த அடுத்த கிழமை பஸ் ஏறி, பாதையில் கடந்து, நெல் ஆலை எங்கே என்று கேட்டுக் கேட்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

அவளுக்கு மூன்று பிள்ளைகள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வாசலில் என்னைக் கண்டதும் இறங்கி வந்தாள். பிறகு கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினாள். கையை விடவில்லை.

"ரெண்டாம் பாகத்தை இந்தியாவில வாசிச்சிட்டன்" என்றேன்.

அவள் தலையைக் குனிந்தாள். "கோவமா?"

"இல்லை. ஏன் அப்படிச் செய்தனீ?"

"உண்மையான முடிவை எழுதத்தான் இருந்தனான். பேனையும் எடுத்திட்டன். அந்த மாமிக்கு நீ வாசிச்சுக் காட்டப் போறாய் எண்டு எழுதியிருந்தாய்தானே. தம்பி வரேல்ல, நகரத்தில ஒருத்தரும் இல்லை எண்டு நான் எப்படி எழுதி அனுப்பிறது? வந்திட்டான் எண்டு எழுதவும் மனம் வரேல்ல. அது பொய். அதான் ரெண்டு பேரையும் படியில இருத்தினன். எழுப்ப வழி தெரியேல்ல."

பிறகு மெதுவாகக் கேட்டாள். "மாமி எப்படி இரிக்கிறா?"

சொன்னேன். அவள் எழுந்து குசினிக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது கையில் தேத்தண்ணி இருந்தது. முகம் கழுவியிருந்தாள்.

அந்தப் படத்தை அவள் ஒருநாளும் பார்க்கவில்லையாம். கசற் ஊருக்கு வந்த நேரம் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. பிறகு பார்க்க மனம் வரவில்லை. எப்படி இருந்தது, முதலில் இருந்து சொல் என்றாள். நான் சொன்னேன். வாள் சண்டையைச் சொன்னேன், பாட்டுகளைச் சொன்னேன், வெள்ளை நிறக் கதாநாயகியைச் சொன்னேன். அவளுடைய பிள்ளைகளும் வந்து இருந்தார்கள். அவள் இடையில் குறுக்கிடாமல் கேட்டுவிட்டுக் கடைசியில், "நல்ல படம்தான் போல. பாக்கிற சனத்துக்கு அப்படி ஒண்டு தேவையா இருந்திருக்கும்" என்றாள். அப்பாவும் வாத்தியாரும் அதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு பாதை ஓடாது என்றார்கள். இறங்குதுறைவரை அவள் கூட வந்தாள். அடுத்த மாதம் நகரத்துக்கு வருவேன் என்றாள். வந்தாள், பிறகும் இரண்டு தரம் வந்தாள். மறுபடி தெருக்கள் பூட்டப்படும்வரை எங்களுக்குக் கிடைத்தது அந்த நாலு பின்னேரங்கள்தான். பதினாறு வருடத்துக்கு அது காணாது. அன்று பாதை நகர்ந்தபோது அவள் முக்காட்டை ஒரு கையால் பிடித்தபடி கரையில் நின்றாள். ஆட்களும் சைக்கிள்களும் மறைத்ததில், எட்டி எட்டிப் பார்த்தும், பாதித் தூரத்துக்கு மேல் எனக்கு அவளைத் தெரியவில்லை.