இடப்பக்கம் திருப்பினால் அலறும் வண்டி

போன வாரம் எர்ணாவூர் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரியின் ஹாரன் சிக்கிக்கொண்டு ஓயாமல் அலறியது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். நான் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றேன். காரணத்தைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள்.

திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில் நான் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தேன். பட்டாள ஏலத்தில் வந்து மூன்று கை மாறிய மோட்டார் சைக்கிள் என்னுடையது. உப்புக்காற்றில் அதன் ஒயர்கள் ஒவ்வொன்றாக உயிரை விடும். இது நடந்தது எழுபத்தொன்றில் என்பார் லூர்து. வண்டிக்குப் புது பாட்டரி போட்டது எழுபத்திரண்டில்; அதற்குப் பிறகு நடந்ததால் எழுபத்திரண்டுதான். ஆடி மாதம் என்பதில் இருவருக்கும் சண்டையில்லை.

லூர்து எங்கள் அமிலத் தொட்டியைக் கழுவுகிறவர். மேலே கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் உள்ளே இறங்கமாட்டேன் என்றதற்காக அவரை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார்கள். நியாயம் கேட்க அவர் மனைவி மேரி காலையிலிருந்து கேட்டில் நின்றாள். மேனேஜர் மாடியைவிட்டு இறங்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டருகே வண்டியை நிறுத்த ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினேன். ஹாரன் அலறியது.

“இன்னா சார், கல்யாண ஊர்வலமா?” என்றார் வாட்ச்மேன்.

மின்சாரம் பற்றி இரண்டு புத்தகம் படித்த திமிரில், முதலில் ஹாரன் பட்டனைக் கழற்றினேன். அலறல் நிற்கவில்லை. ஹேண்டில்பாரை நேராக்கினேன், நின்றது. திருப்பினேன், மறுபடி அலறல். அப்போதுதான் புரிந்தது. விளக்குக்குப் பின்னால் ஹாரன் ஒயரின் தோல் தேய்ந்து, திருப்பும்போதெல்லாம் செம்பு வண்டியின் இரும்பைத் தொடுகிறது; பட்டனை அழுத்தியது போலத்தான். ஒரு துண்டு டேப் போதும். எடுத்தேன்.

“அண்ணாத்தே, ஒட்டாதே!” மேரி ஹேண்டில்பாரைப் பிடுங்கி இடப்பக்கம் திருப்பி, அப்படியே நின்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை கழுவாமல் ஓடிவந்தார்கள். கடைசியில் மேனேஜரும் வந்தார்.

“யார் வண்டி இது? நிறுத்து!”

“கோளாறு சார். பாத்துகினு இருக்கேன்,” என்றேன். டேப் என் உள்ளங்கையில் இருந்தது.

“அவரு கோளாறப் பாக்கட்டும். நீ எனுக்குப் பதில் சொல்லு,” என்றாள் மேரி. “கயிறு புடிக்க ஆள் கேட்டா வேலையப் புடுங்குவியா? உள்ள நீ எறங்குவியா நைனா?”

கூட்டம் சிரித்தது. மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டார். “சரி, நாளைக்கு வரச் சொல்.”

“கயிறு?”

“ஆளும் போடறேன். முதல்ல அதை நிறுத்து!”

“அல்லாரும் கேட்டுகினீங்களா?” என்று கூட்டத்தைக் கேட்ட பிறகே அவள் ஹேண்டில்பாரை நேராக்கிக் கையை எடுத்தாள்.

எனக்கு மெமோ வந்தது. ‘வேண்டுமென்றே’ என்று அதில் எழுதியிருந்தார்கள். சரியான சொல். இன்றும் எனக்கு மறுப்பில்லை.

இப்போது அங்கே வேறு கம்பெனி. தொட்டிகள் இருக்கின்றன, இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். யார் இறங்கச் சொல்வது என்று கேட்டேன். கான்டிராக்டர் என்றார்கள். அவருக்கு மேலே யார் என்பது வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை. நாள் முழுக்க அலறவிட்டாலும், கோபப்பட்டு இறங்கி வர அந்த மாடியில் ஆள் இல்லை.