பின்சீட்டுக்காரியின் கையெழுத்து

என் வீட்டுக்காரருக்குத் தொழில் வட்டாரத்தில் 'பின்சீட்டு' என்றுதான் பெயர். காரின் அடிப்பாகத்தில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் வேலை மட்டும் பார்ப்பவர். பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஓட்டுகிறவர்கள். வளைவில் சாயக்கூடாது, வேகத்தில் ஆடக்கூடாது என்று அடுக்குவார்கள். இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பின்னாடி யாரு உக்காருவாங்க?" என்பார். அதற்குப் பதில் வராமல் ஸ்பேனரைத் தொடமாட்டார். பிடிவாதத்தில் இவரிடம் கழுதை தோற்றுப்போகும். இருபத்தாறு வருஷமாக இவரோடு குப்பை கொட்டுகிறவள் சொல்கிறேன்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை உண்டு. பின்சீட்டில் உட்காரப் போகிற ஆளையே வரவழைத்து, அட்டையும் காகிதமும் பென்சிலும் கொடுத்து, பட்டறைக்குப் பின்னால் உள்ள குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்டிப் போவார். அவர்கள் தங்கள் பெயரைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். ஸ்பிரிங் இறுகியிருந்தால் எழுத்து துள்ளும். ரொம்ப இளகியிருந்தால் வளைவில் வரியே சரிந்து காகிதத்தின் ஓரத்துக்குப் போய்விடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அதைப் பிடிக்கத்தான் மனிதர் நாள் முழுக்கக் காருக்கு அடியில் கிடப்பார்.

"நல்லா இருக்கான்னு கேட்டா மரியாதைக்கு நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. கை பொய் சொல்லாது" என்பார்.

என் நாத்தனாருக்கு, இவருடைய ஒரே தங்கைக்கு, முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனது. உடம்பு குலுங்கினால் உள்ளே வைத்த திருகாணி நகர்ந்துவிடும், மறுபடி கத்தி வைக்க வேண்டிவரும், அப்புறம் நடப்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு வேறு போக வேண்டும். இவர் தங்கை புருஷனின் காரை வாங்கி எட்டு நாள் பட்டறையில் வைத்துக்கொண்டார். பின்பக்கம் மெல்லிய கம்பியில் இளகின ஸ்பிரிங் போட்டார். அதனால் வளைவில் சாயும் என்பதற்காக, இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புத் தண்டைத் தடிமனாக மாற்றினார். நாத்தனார் ஓடுகிற வண்டியில் எழுதிய காகிதத்தை, மகள் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதுபோல் என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

மாப்பிள்ளைக்கு மட்டும் மூஞ்சி தொங்கிவிட்டது. "என்ன மச்சான், வளைவுல வண்டி யோசிச்சுட்டுத்தான் திரும்புது" என்றார்.

"யோசிக்கட்டும் மாப்ள. கூடவே நீங்களும் கொஞ்சம் யோசிச்சு ஓட்டுங்க."

எல்லாரும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

மூன்றாம் மாதம் நாத்தனாருக்கு வலி திரும்பியது. வண்டி குலுங்குகிறதா என்று டாக்டர் கேட்டார். தங்கையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் எழுதிக்கொண்டே போகச் சொன்னார். வந்த பக்கத்தில் வரிகள் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் இருந்தன. இவரே டாக்டரிடம் போய், "வண்டி காரணம் இல்ல சார், நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தார். டாக்டர் மருந்தை மாற்றினார். நாத்தனார் இன்னும் ஒரு மாதம் அதே காரில் போய் வந்தாள்.

அப்புறம் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் அந்தக் கார் பஞ்சர் ஆனது. இவர் பின்சக்கரத்தைக் கழற்றி உள்ளே கை விட்டவர், விட்ட கையை எடுக்கவில்லை. ஸ்பிரிங் கம்பி கட்டைவிரல் தடிமனுக்கு இருந்தது. தன் வேலைக்கு அடையாளமாக இவர் வைக்கும் மஞ்சள் பெயிண்ட் புள்ளி அதில் இருந்தது. ஆனால் அது இவர் போட்ட ஸ்பிரிங் இல்லை.

அந்தப் புள்ளியைப் பற்றித் தெரிந்தவர் இன்னொருவர்தான், பட்டறையில் பத்தொன்பது வருஷக் கூட்டாளி. இவர் போய் நின்றதும் அந்த மனுஷன் மறைக்கக்கூட இல்லை.

"மாப்பிள்ளை கெஞ்சினாருப்பா. நீ வெளியூர் போயிருந்த ரெண்டு நாள்ல மாத்திக் குடுத்தேன். உன் தங்கச்சியும் கூடத்தான் வந்துச்சு. அண்ணனுக்குத் தெரிய வேணாம்னு அதுதான் சொல்லுச்சு."

கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதைப் புள்ளி வைத்துப் பறித்திருக்கிறார். கூட்டாளியையாவது வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டேன். நாத்தனாரை என்ன சொல்லித் திட்டுவது?

இவர் நேரே தங்கை வீட்டுக்குப் போனார். நானும் போனேன்.

"அந்த நோட்டு?" என்றார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி நின்னப்புறம் எழுதினேண்ணா." அவள் தலை நிமிரவில்லை. "ஆபரேஷனுக்கு முன்னாடி நான் படுக்கையில கெடந்த ஒரு வருஷம் அவரு சிரிச்சே பாக்கல. இப்ப வளைவுல வண்டியத் திருப்பும்போது சின்னப் புள்ள மாதிரி சிரிக்கிறாரு. வலியப் பல்லக் கடிச்சுக்கிட்டுத் தாங்கிடலாம்னு நெனச்சேன்."

"நீ தாங்கிக்கோ. என்னை எதுக்கு டாக்டர்கிட்ட பொய் சொல்ல வெச்ச?"

மாப்பிள்ளை உள் அறையிலிருந்து வெளியே வரவேயில்லை.

திருகாணி லேசாக நகர்ந்திருப்பதாக எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. இன்னும் நகர்ந்தால் கத்திதான். மாப்பிள்ளையின் காரை இவர் அப்புறம் தொடவில்லை. எங்கள் சொந்த வண்டியின் ஸ்பிரிங்கை இளக்கி, வாராவாரம் தாமே தங்கையை ஏற்றிப் போகிறார். நான் முன்சீட்டில். நத்தை எங்களை முந்திப் போய்விடும். வழி நெடுக ஒரு பேச்சு கிடையாது.

போன வாரம் அந்தக் குண்டும் குழியுமான ரோடு தாண்டியதும் பின்னாலிருந்து அவள் மெல்லச் சொன்னாள்: "அண்ணா, இப்ப கொஞ்சங்கூட வலிக்கலண்ணா."

இவர் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நீ சொல்றத நான் இனிமே எத வெச்சும்மா நம்புறது?" என்றார்.