பேச்சி கட்டிய ஏழு வரிசை

படகுத்துறை வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்பவளின் பின்னலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை முடியைப் பேச்சி இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து உருட்டிப் பார்க்கிறாள். பிடுங்குவதில்லை. அந்தப் பெண் திரும்பி முறைத்தால், "ஒண்ணுமில்ல மோளே, நல்ல முடி. உப்புத்தண்ணில அலசாத," என்று சொல்லிவிட்டு அடுத்த தலைக்குப் போய்விடுகிறாள்.

மனிதர்களின் பெயர் அவளுக்கு நிற்பதில்லை. தபால் நிலையத்து அம்மாள் அவளுக்கு 'அடங்காப்பிடாரி'. மிளகுக் கடைக்காரரின் மருமகள் 'எலிவால்'. எதிர் வீட்டுப் பையனைப் பதினோரு வருடமாக 'இரட்டைச் சுழி' என்றுதான் கூப்பிடுகிறாள். அவனும் திரும்பிப் பார்க்கிறான்.

பேச்சிக்கு வயது நாற்பத்து நான்கு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து 1963 மார்ச்சில் மட்டாஞ்சேரிக்கு வந்தாள். கணவர் அழகர் மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். அவள் சவுரி கட்டுகிறாள். இங்குள்ளவர்கள் அதைத் திருப்பன் என்கிறார்கள். எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்கிறாள்.

சீப்பில் கழிந்த முடி பந்து பந்தாக அவளிடம் வருகிறது. சீயக்காய் போட்டு அலசி, நிழலில் காயவைத்து, பிறகு ஒவ்வொன்றாக விரலிடையே உருட்டுகிறாள். உருட்டினால் முடி தன் வேர்ப் பக்கமாக ஊர்ந்து போகும். வேர் எது, நுனி எது என்று அப்படித்தான் தெரிந்துகொள்கிறாள். "தலமாடு காலுமாடு தெரியாமப் படுக்கவச்சா ரெண்டே நாள்ல ஒண்ணுக்கொண்ணு பின்னிக்கிட்டுச் சண்டை போடும்," என்பது அவள் விளக்கம். பிறகு சுவரின் இரண்டு ஆணிகளுக்கு நடுவே மூன்று நூலை இழுத்துக் கட்டி, அதில் முடியைச் சிறு சிறு கொத்தாகக் கோத்து வரிசையாக்குகிறாள். தைக்கும் ஊசி, கிடங்கில் சாக்குத் தைக்கும் வளைந்த ஊசி. அம்மிக்கல்லில் தேய்த்து மெல்லிசாக்கியது.

"ஊரு பொம்பளைக முடியெல்லாம் என் சோத்துலதான் கெடக்கு," என்பார் அழகர், தட்டிலிருந்து ஒன்றை இழுத்தபடி.

"ஒம்ம மண்டையில ஒண்ணும் இல்ல. வயித்துலயாச்சும் இருக்கட்டும்."

உயிருள்ள தலையில் அவள் கத்தரி வைப்பதில்லை. கல்யாணப் பெண்ணின் முடி நுனி பிளந்திருந்தாலும் வெட்ட மாட்டாள். "வெட்டுறவுக கை வேற, சேக்குறவுக கை வேற. ஒரே கையில ரெண்டும் செஞ்சா ரெண்டும் வெளங்காது." இதை அவளுக்கு யார் சொன்னது என்று கேட்டால், "யாராச்சும் சொல்லித்தான் இருப்பாக," என்கிறாள்.

1981 டிசம்பர் 14, திங்கட்கிழமை காலை, அரண்மனை ரோட்டிலிருந்து கங்கா தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்தாள். வயது இருபது. பாலக்காட்டிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த தமிழ்க் குடும்பம். கையில் ஒரு சுவரொட்டி. சுவரிலிருந்து உரித்தது, பின்புறம் பசை காயவில்லை. மேடைப் பாட்டுக் குழு ஒன்றின் கானமேளா விளம்பரம் அது. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். தலைமுடி உச்சியிலிருந்து படிப்படியாகக் கலைந்து, காதை மூடி, தோளில் சிதறிக் கிடந்தது. அந்த வருடம் எல்லாரும் கேட்ட ஸ்டெப் கட்.

"இது நானாக்கும்," என்றாள் கங்கா.

பேச்சி படத்தைப் பார்த்தாள். கைக்குட்டையை அவிழ்த்துத் தலையைப் பார்த்தாள். ஜூலையில் டைபாய்டு வந்து உதிர்ந்ததுபோக மிஞ்சியதை ஒட்ட வெட்டி, மறுபடி மூன்று அங்குலம் வளர்ந்திருந்தது.

"இது நீ இல்ல பாப்பா."

"அதான் அக்கா கஷ்டம். வரையறவன் என்னைப் பார்க்காமலே வரஞ்சுட்டான். இப்போ நீலகண்டன் சார் சொல்றார், நாற்பது போஸ்டர் ஒட்டியாச்சு, போஸ்டரை மாத்த முடியாது, பாடறவளை வேணா மாத்தலாம்னு. எடப்பள்ளியில ஒருத்தி இருக்காளாம். பாட்டு சுமார். முடி மாத்ரம் இப்படியே இருக்காம்."

நீலகண்டன் குழுவின் தலைவர். விழா 27ஆம் தேதி ஞாயிறு மாலை, வாசகசாலை மைதானத்தில். கங்காவுக்கு அது முதல் மேடை.

"நீட்டணும்னு வருவாக, நீட்டி விடுவேன். நீட்டிட்டு வெட்டணுமா? சோத்த வடிச்சுட்டு மறுபடி அரிசியாக்கச் சொல்ற."

"அக்கா, ஒன்பது வயசிலேர்ந்து பாடறேன். முடிக்கு வேண்டி நிறுத்திடுவாளாம்."

பேச்சி அந்த மூன்று அங்குல முடியில் ஒன்றைப் பிடித்து உருட்டினாள். "நல்லாத்தான் வருது. இருவத்தேழாந்தேதிக்குள்ள வராது," என்று சொல்லிவிட்டு, பரணிலிருந்து முடி மூட்டைகளை இறக்கினாள். பதினொன்றில் ஒன்று லேசான செம்பட்டை, லேசான சுருள். அதைக் கங்காவின் காதோரம் வைத்துப் பார்த்து அவளுக்கென்று எடுத்து வைத்தாள்.

20ஆம் தேதி முதல் முயற்சி. பதினெட்டு வருடப் பழக்கம் அவள் காலை வாரிவிட்டது. சவுரி என்றால் பிடரியில் கட்டி, மேலே சொந்த முடியால் மறைப்பது. கை அதைத்தான் செய்தது. எல்லா வரிசையையும் பிடரியிலேயே தைத்து முடித்துக் கண்ணாடியைக் கொடுத்தாள். மேலே மூன்று அங்குலம் குத்திட்டு நின்றது. கீழே பதிமூன்று அங்குலம் தொங்கியது.

"மேல பள்ளிக்கூடத்துப் பையன், கீழ கல்யாணப் பொண்ணு," என்று கங்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழவும் ஆரம்பித்தாள்.

22ஆம் தேதி செவ்வாய். சலூன்களுக்கு விடுமுறை. மூன்று கடை தள்ளி முடிவெட்டும் ராசப்பன் சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தார். ஆண்களுக்கு ஸ்டெப் வெட்டுவதில் பேர் வாங்கியவர். பேச்சி சுவரொட்டியை மேசைமேல் விரித்து நடந்ததைச் சொன்னாள். ராசப்பன் கிளாசைக் கீழே வைக்காமலே சிரித்தார்.

"என்றெ சேச்சி, கோணி கெட்டுறப்போ அடியில மாத்ரம் கல்லு வெச்சா மதியோ? ஓரோ படிக்கும் கல்லு வேண்டே?" கோணி என்று அவர் சொன்னது மாடிப்படியை.

"சேட்டன் வந்து வெட்டிக் குடுத்துரும்."

"பெண்ணுங்களோட தலையோ? ஞான் இல்ல. அவளோட அம்மா என்றெ கடைய எரிச்சு களையும்."

பேச்சி சுவரொட்டியைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். கங்காவின் தலையிலிருந்து கழற்றி வைத்திருந்த பழைய வரிசைகளைப் பிரித்தாள். புதிதாக ஏழு வரிசை கோத்தாள். கோத்தவற்றை ஆணியில் தொங்கவிட்டு, கயிறு பிடித்து அளந்து, தலைக்குப் போகும் முன்பே வெட்டினாள். உச்சிக்கு நாலு அங்குலம், அதன்பின் ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம் கூடுதல், பிடரிக்குப் பதிமூன்று. நுனிகளை நேராக விடாமல் கத்தரியைச் செங்குத்தாகப் பிடித்துக் கொத்திவிட்டாள்.

அழகர் பார்த்துக்கொண்டிருந்தார். "வெட்ட மாட்டேன்னியே?"

"தலையில இருந்தாத்தான் அது தலமுடி. ஆணியில தொங்குறது என் சரக்கு. என் சரக்க நான் வெட்டுவேன்."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தார்கள். கங்காவின் சொந்த முடியைத் தலையோடு ஒட்டி வரப்பு வரப்பாகப் பின்னி, கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரப்பிலும் ஒரு வரிசையைச் சாக்கு ஊசியால் தைத்தாள். ஐந்து மணி நாற்பது நிமிடம். நடுவில் ஒரு சாயா. ஊசி ஏழு தடவை குத்தியது. கங்கா ஏழு தடவையும் சுருதி தப்பாமல் கத்தினாள் என்கிறாள் பேச்சி.

எல்லாம் ஆனது. நெற்றி மட்டும் ஆகவில்லை. அங்கே தைக்க முடியாது, நூல் தெரியும். சொந்த முடியே முன்னால் விழ வேண்டும். அது பாத்திரம் தேய்க்கும் பிரஷ் போல நின்றது. ஈரம் தடவிப் படியவைத்து ஓரத்தை வெட்டாமல் வழியில்லை.

பேச்சி கத்தரியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கங்காவின் விரல்களில் மாட்டினாள். அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"கத்தரி ஒன் கையில. என் கை ஒன் கைக்கு மேல. நான் வெட்டல."

"அப்போ யாரு அக்கா வெட்டறா?"

"வாய மூடு, முடி விழும்."

நான்கு வெட்டு. கங்கா கண்ணாடியைப் பார்த்தாள். சுவரொட்டியைப் பார்த்தாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். பேச்சி அவளுக்கு ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினாள். "தலைய ஆட்டாத. நூலு புதுசு. ஆட்டினா எது எங்க விழும்னு எனக்கே தெரியாது."

மாலை ஐந்தே காலுக்குக் கானமேளா தொடங்கியது. பெண்களுக்குக் கயிறு கட்டிய இடத்தில், கடைசி வரிசையில் பேச்சி நின்றாள். முதல் இரண்டு பாட்டிலும் கங்கா குத்துவிளக்கு மாதிரி நின்று பாடினாள். குரல் நன்றாக இருந்தது. கூட்டம் கடலை உரித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் நின்ற நீலகண்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எடப்பள்ளிப் பெண், கூப்பிட்டால் உடனே ஏற, மேடைக்குக் கட்டிய புடவையோடு நாற்காலியில் காத்திருந்தாள்.

மூன்றாவது பாட்டுக்குத் தாளம் வேகமாக விழுந்தது. கங்கா ஒரு வரி அசையாமல் பாடினாள். இரண்டாவது வரியில் பாதம் தட்டியது. மூன்றாவது வரியில் தலையை ஒரு சுழற்றுச் சுழற்றினாள். ஏழு வரிசையும் மேலே எழும்பி, ஒன்றன் பின் ஒன்றாக இறங்கின. முன்வரிசைப் பையன்கள் எழுந்து விசிலடித்தார்கள். அவள் மறுபடியும் சுழற்றினாள்.

கடைசி வரிசையில் பேச்சி இரண்டு கையாலும் தன்னுடைய கொண்டையை அமுக்கிப் பிடித்தாள். பாட்டு முடியும்வரை விடவில்லை.