துணிக்குப் பின்னால் ஒன்றுமில்லை

பொன்னமராவதியில் கிரில் பட்டறை வைத்திருக்கும் ஆத்மநாதனைத் 'தேங்காய்க்காரர்' என்று கேட்டால்தான் பலருக்குத் தெரியும். அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்தான். பக்கத்துக் கடையில் பந்தல், சீரியல் லைட், மேடை அலங்காரம் என்று பிழைக்கிறவன், பெயர் சரவணக்குமார். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம்.

பால்கனிக்கோ மாடிப்படிக்கோ கம்பி அடித்து முடித்ததும் மனிதர் பையிலிருந்து உரித்த தேங்காய் ஒன்றை எடுப்பார். ஒவ்வொரு சந்திலும் அதை நுழைத்துப் பார்ப்பார். எங்கேயாவது நுழைந்துவிட்டால் போச்சு, அந்தப் பக்கத்தையே அறுத்துத் திரும்ப வைப்பார். பதினோரு வருடம் ஷார்ஜாவில் வெல்டிங் வேலை பார்த்தவர். அங்கே அவருடைய சூப்பர்வைசர் நாலங்குல உருண்டை ஒன்றை வைத்து இப்படித்தான் சோதிப்பாராம்.

"உருண்டை போற எடத்துல புள்ளை தலை போவும். தலை போனா ஒடம்பும் போவும்ல?" என்பார் ஆத்மநாதன்.

உயரம் மூன்றரை அடிக்கு ஒரு விரற்கடை குறையக் கூடாது. படுக்கை வாட்டத்தில் கம்பி வைக்கவே கூடாது, பிள்ளைகள் ஏணியாக்கி ஏறிவிடும். எல்லாம் செங்குத்துக் கம்பிதான். "ஜெயில் கணக்கா இருக்குண்ணே" என்று வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தால், "ஜெயில்ல யாரும் மாடியிலேருந்து விழுறதில்லயே" என்பார். இப்படிப் பேசினால் எவன் வேலை கொடுப்பான்? நல்ல மனிதர், ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

போன தை மாதம் கோபிநாத் வீட்டு வேலை வந்தது. துபாயிலிருந்து லீவில் வந்து மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தான். மாடி ஹாலுக்கு முன்னால் பன்னிரண்டடி நீளத்துக்குப் பால்கனி, கீழே சிமெண்டுத் தரை. போனில் ஒரு படத்தைக் காட்டினான். பளபளவென்று நாலே நாலு எவர்சில்வர் குழாய்கள், படுக்கை வாட்டத்தில்.

"இப்புடித்தாண்ணே வேணும்."

"ஒம் மவன் ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான். அவனுக்கு ஏணி செஞ்சு தரச் சொல்றியா?"

"வீடு என்னுதுண்ணே. நான் சொல்றத செய்யுங்க."

"என்னால ஆவாதுப்பா. வேற ஆளப் பாத்துக்க."

எழுந்து வந்துவிட்டார். அன்றைக்கு அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. ஆனால் வேறு ஆள் கிடைக்கவில்லை. முகூர்த்த மாதம், எல்லாப் பட்டறையிலும் கை நிறைய வேலை. ஒத்துக்கொண்ட ஒருவனும் பால் காய்ச்சிப் பத்து நாள் கழித்துத்தான் வருவேன் என்றான். முகூர்த்தத்தைத் தள்ளிப்போடலாமென்றால் கோபிநாத்துக்கு லீவு இல்லை. எங்கள் பக்கம் வீட்டு வேலை பாதியில் நின்றாலும் பால் பொங்குவது நிற்காது. கதவில்லாத கக்கூஸ், சுவிட்சு இல்லாத சுவர் என்று எத்தனையோ வீட்டில் பந்தல் போட்டிருக்கிறேன். குறையை மறைக்கத்தானே என்னைக் கூப்பிடுவதே.

அந்தப் பால்கனியையும் மறைத்தேன். இரண்டு ஓரத்திலும் குழாய் நிறுத்தி, இடுப்பு உயரத்தில் நைலான் கயிறு இழுத்து, மஞ்சளும் வெள்ளையுமாகத் துணியை மடிப்பு மடிப்பாக இறக்கினேன். மேலே சாமந்திச் சரம். பார்க்கிறவர்கள் கைப்பிடிச் சுவர் என்று சத்தியம் செய்வார்கள். எனக்கே பெருமையாக இருந்தது.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் சாயங்காலம் கேள்விப்பட்டு ஆத்மநாதன் வந்தார். ஒரு விரலால் துணியைத் தள்ளினார். விரலோடு துணியும் போனது.

"என்ன வேல பாத்து வச்சிருக்கே? தொறந்து கெடந்தா பயந்தாச்சும் தள்ளி நிப்பாங்க. நீ சுவருன்னு நம்ப வச்சிட்டியேப்பா."

நேரே கோபிநாத்தின் அப்பா உடையப்பனிடம் போனார். நாலு சவுக்குக் கம்பைக் குறுக்கே கட்டிவிடுகிறேன் என்றார். குறுக்குக் கம்பியே கூடாது என்றவர் குறுக்கே கட்டுகிறேன் என்றால், எவ்வளவு பயந்திருப்பார்!

"நல்ல காரியத்துக்கு மொத நாளு வந்து விழுவாங்கன்னு வாய வைக்கிறீங்களே. போட்டோவுல கம்பு கம்பாத் தெரியும். வேலைய வேணாம்னுட்டுப் போனவருக்கு இப்ப என்னவாம்?" என்றார் உடையப்பன்.

ஆத்மநாதன் படியிறங்கிப் போய்விட்டார். என் வண்டியில் கட்டுக் கட்டாகச் சவுக்குக் கம்பு கிடந்தது. துணிக்கு உள்பக்கமாக இரண்டைக் கட்டியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? போட்டோ அழகாக வர வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது, கட்டவில்லை.

மறுநாள் விடியும்போதே அழைப்பில்லாத அந்த மனிதர் வந்து, துணிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஹோமம் நடந்தது, பால் பொங்கியது, குலவை போட்டார்கள். அவர் நகரவில்லை. "அங்கிட்டு நில்லுங்க தம்பி", "உள்ள போயிருங்கம்மா" என்று ஓயாமல் விரட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் 'வாட்ச்மேன்' என்று கேலி செய்தார்கள், நானும் சிரித்தேன்.

ஒன்பது மணி வாக்கில் கோபிநாத்தின் மனைவி இலக்கியா வந்தாள்.

"அண்ணே, விடிஞ்சதுலேருந்து நிக்கிறீங்க. பால் காச்சுன வீட்டுல ஒரு வாய் சாப்புடாமப் போனா எங்களுக்கு ஆகாதுண்ணே. வாங்க."

அப்படி அழைத்தால் யாரால் மறுக்க முடியும்? என்னைப் பார்த்தார். "அஞ்சு நிமிசம் நில்லு. எலையில கைய வச்சுட்டு வந்துர்றேன்."

நின்றேன். இரண்டு நிமிடம் இருக்கும். கீழே நான் கொண்டுவந்திருந்த ஜெனரேட்டர் நின்று மைக் செட் அடங்கியது. நாலு பேர் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இறங்கிப் போய்விட்டேன்.

வாசல் முற்றத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஆத்மநாதன் இலையில் அப்போதுதான் சாம்பார் ஊற்றினார்கள். வாசலில் ஆட்டோ வந்து நின்று இலக்கியாவின் அம்மா இறங்கினார். "அம்மா, இங்கிட்டு மேல வா!" என்று மாடியிலிருந்து இலக்கியா குரல் கொடுத்தாள். சந்தோஷத்தில் எல்லாம் மறந்து இரண்டு கையையும் துணிமேல் ஊன்றி எட்டிப் பார்த்தாள். துணி வெளிப்பக்கமாகப் புடைத்தது. ஆத்மநாதன் இலையைத் தாண்டி ஓடிக்கொண்டே கத்தினார். அவர் கத்தி முடிப்பதற்குள் கயிறு அறுந்துவிட்டது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் இலக்கியாவின் உயிர் போய்விட்டது.

கருமாதி முடிந்து கோபிநாத் பட்டறைக்கு வந்தான். சண்டை போடவில்லை.

"அன்னைக்கு நான் கேட்ட கம்பிய நீங்க போட்டிருந்தா அவ இருந்திருப்பாளேண்ணே?"

"ஆமாப்பா. இருந்திருக்கும்" என்றார் ஆத்மநாதன்.

வறட்டுப் பிடிவாதத்தால் ஒரு பெண் உயிரை வாங்கியவர் என்று ஊர் பேசுகிறது. அவர் மறுப்பதில்லை. விசாரிக்க வந்த போலீசிடமும் "நாந்தான் சாப்புடப் போயிட்டேன்" என்றார். என்னை நிற்க வைத்துவிட்டுப் போனதைச் சொல்லவே இல்லை. என்னிடமும் இன்று வரை கேட்கவில்லை.

கோபிநாத் வந்த அன்று நான் என் கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் அழுதது முழுக்கக் காதில் விழுந்தது. எழுந்து போய், 'அவர் இல்லப்பா, நான்தான் விட்டுட்டு எறங்குனேன்' என்று சொல்லப் பத்தடி தூரம். நான் போகவில்லை.